மைக்கை அணைத்து வைத்த ஒரு நிமிடம்

1. சித்தூரில் முதல் நாள்

பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்கிற வேலை எனக்கு. சித்தூரில் ஆரம்பித்து திருப்பதியில் ஓய்வு பெற்றேன். பெயர் வசந்தா. அந்தப் பெயரை எழுதியவர்கள் சம்பளப் பட்டியல் போட்டவர்கள் மட்டும்தான். டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் நான் மைக் அக்கா. இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், “எப்படிக்கா இத்தனை வருஷம் பைத்தியம் பிடிக்காம இருந்தீங்க?” என்று கேட்கிறார்கள். பாதி பிடித்துத்தான் இருந்தது. மீதியைக் காப்பாற்றியது எது என்று அவர்களுக்காக எழுதுகிறேன்.

சித்தூரில் நான் சேர்ந்தது மாம்பழ சீசனில். கூடையும் மூட்டையுமாக ஜனம். கவுண்டர் ஜன்னலில் ஒரே நேரத்தில் நாலு கை நீளும், நாலு வாய் கேட்கும். வேலூர் பஸ் எங்கே, பலமனேர் பஸ் போயிடுச்சா, கக்கூஸ் எந்தப் பக்கம், சில்லறை இருக்குமா. முதல் ஒரு மணி நேரத்திலேயே எனக்குத் தலை சுற்றிவிட்டது. மதனப்பள்ளி பஸ் நிற்கிற பிளாட்பாரத்தின் எண்ணை வேலூர் பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு கூட்டமே அங்கே ஓடியது, திரும்பி ஓடி வந்தது. அதில் ஒருவர் மூட்டையைத் தொப்பென்று கவுண்டர் முன்னால் போட்டார்.

“ஏம்மா, வாய்க்கு வந்தத சொல்லிக்கினு கீறியா? மூட்டையத் தூக்கினு ரெண்டு தபா ஓடிட்டேன்!”

எனக்கு முன்கோபம் அதிகம். எங்கள் வீட்டில் கடுகு என்றுதான் என்னைச் சொல்வார்கள். “ஓடுனா ஒடம்புக்கு நல்லதுதான், போங்க!” என்று கத்தினேன். மைக் ஆன் ஆகி இருந்தது. மொத்த பஸ் நிலையமும் கேட்டுச் சிரித்தது. மூட்டைக்காரரும் சிரித்துவிட்டார், அது என் அதிர்ஷ்டம்.

எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்க்கிற அதிகாரியைக் கண்ட்ரோலர் என்போம். சித்தூர் கண்ட்ரோலர் என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “கோவம் வந்தா வரட்டும்மா. மொதல்ல மைக்க ஆஃப் பண்ணிட்டுக் கோச்சிக்கோ.” அதைப் பெரிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

2. டாக்டரிடம் போனது

திருப்பதிக்கு மாற்றல் ஆனதும் சித்தூர் கூட்டம் எனக்குக் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. திருப்பதி பஸ் நிலையத்தில் எல்லா நாளும் திருநாள். எந்த ஊர் பாஷையும் கேட்கும். இறங்குகிறவர்கள் தலை நிறைய முடியோடு வருவார்கள், திரும்பிப் போகிறவர்கள் சந்தனம் பூசின மொட்டையோடு போவார்கள். இவ்வளவு ஜனம் எங்கிருந்து வருகிறது, எதை நம்பி வருகிறது என்று முதல் வாரம் முழுக்க வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்தால் வேலை நடக்காது.

மூன்றாம் வருஷம் ஒருநாள் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. டாக்டர் பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

“டென்ஷனக் குறைங்கம்மா.”

“டாக்டர், திருப்பதி பஸ் ஸ்டாண்டு என்கொயரி கவுண்டர்ல ஒக்காந்துக்கினு டென்ஷனக் குறைக்கிறதா? சமுத்திரத்துல நில்லு, நனையாம இருன்னு சொல்றீங்களே!”

அவரும் சிரித்தார். மாத்திரை எழுதினார். “வேலைய விடச் சொல்லல. வேலைக்கு நடுவுல எங்கயாவது ஒரு நிமிஷம் இருக்குதான்னு தேடுங்க” என்றார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன். கூடவே ஒரு காரியம் செய்தேன். இந்தக் கூச்சலில் கத்தாமல் வேலை பார்க்கிறவர்கள் யார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். அப்படி இரண்டு பேர் அகப்பட்டார்கள்.

3. கோவிந்தசாமியின் கைகள்

முதல் ஆள் மலைப்பாதை டிரைவர் கோவிந்தசாமி. நகரிப் பக்கத்து ஆள். திருமலையிலிருந்து அந்த வளைவுகளில் வண்டியை இறக்கிக் கொண்டுவருவார். ஒவ்வொரு வளைவிலும் ஐம்பது உயிர் அவர் கையில். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்குவாரோ! அப்படியிருந்தும் யாரிடமும் அவர் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸை நிறுத்தி ஜனம் எல்லாம் இறங்கின பிறகும் அவர் மட்டும் இறங்க மாட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்த்தபடி தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

தூங்குகிறாரோ என்று ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. கை இரண்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அடங்குவதை நான் நின்று பார்த்தேன். அடங்கினதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“பஸ்ஸு எறங்கிச்சு தங்கச்சி. நான் இன்னும் மலைலதான கீறேன்? நானும் எறங்கணும் இல்ல?”

தியானம் என்று படித்தவர்கள் காசு கட்டிக் கற்றுக்கொள்கிற சமாச்சாரத்தை இந்த மனிதர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தே கண்டுபிடித்திருக்கிறார். மறுநாள் முதல் நானும் ஒவ்வொரு அறிவிப்பு முடிந்ததும் மைக் பிடித்த கையைத் திறந்து மேஜைமேல் வைத்துப் பழகினேன். அதுவரைக்கும் அந்தக் கை நாள் முழுக்க இறுக்கி மூடியே இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

4. முனிலட்சுமியின் சொம்பு

இரண்டாவது ஆள் முனிலட்சுமி. பிளாட்பாரம் பெருக்குகிறவள், தெலுங்கு பேசுகிறவள். அவள் பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த இடத்தில் வாழைப்பழத் தோல் விழுந்திருக்கும். நானாக இருந்தால் போட்டவன் முதுகில் விளக்குமாற்றால் போட்டிருப்பேன். அவள் ஒரு பிளாட்பாரம் முடித்ததும் குழாயடிக்குப் போவாள். ஒரு சொம்பு தண்ணீரை இரண்டு மணிக்கட்டிலும் நிதானமாக ஊற்றிக்கொள்வாள். மீதியைக் கால்மேல் ஊற்றிக்கொள்வாள். அப்புறம்தான் அடுத்த பிளாட்பாரம்.

“காள்ளு சல்லபடிதே தல சல்லபடுதுந்தக்கா” என்றாள். கால் குளிர்ந்தால் தலை குளிரும். அவ்வளவுதான் அவள் வைத்தியம். செய்து பார்த்தேன். வெயில் காலத்து மத்தியானத்தில் அந்த ஒரு சொம்புத் தண்ணீர் மூன்று டீக்குச் சமம். டீ குடித்தால் படபடப்பு ஏறும், இதில் இறங்கியது.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு நானும் எனக்கென்று ஒன்று கண்டுபிடித்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஜன்னலில் முகங்கள்தான் தெரியும். எழுந்து நின்றால், பிளாட்பாரக் கூரைக்கு மேலே ஏழுமலையின் பாறைச்சுவர் தெரியும். காலையில் சாம்பல், மத்தியானம் வெளுப்பு, சாயங்காலம் செங்கல் சிவப்பு. மணிக்கு ஒரு தரம் மைக்கை அணைத்துவிட்டு எழுந்து நிற்பேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மலையைப் பார்ப்பேன். சாமி கும்பிடுவது இல்லை, வேண்டுதலும் இல்லை. சும்மா பார்ப்பது. பத்து வருஷம் பார்த்தும் அது எனக்குச் சலிக்கவில்லை. எத்தனை பேர் கத்தலைக் கேட்டிருக்கும் அந்த மலை! ஒன்றுக்காவது பதில் கத்தியிருக்குமா!

திருப்பதி கண்ட்ரோலருக்கு இது பிடிக்காது. நல்ல மனிதர்தான், என்னைவிடப் பிரஷர் அதிகம். “என்னம்மா, வேலை நேரத்துல எழுந்து நின்னு வேடிக்கை பாக்கற? ஒக்காரும்மா” என்பார். நான் உட்கார மாட்டேன். ஒரு நிமிடம் முடிந்த பிறகு உட்காருவேன்.

இதெல்லாம் ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து மறுபடி பிரஷர் பார்க்கப் போனபோது, “மாத்திரை நல்லா வேலை செய்யுது” என்றார் டாக்டர். நான் மறுத்துப் பேசவில்லை.

5. புரட்டாசிச் சனிக்கிழமை

புரட்டாசி சனிக்கிழமை என்றால் தமிழ்நாடே எங்கள் பஸ் நிலையத்தில் நிற்கும். ஒரு வருஷம் அப்படி ஒரு சனிக்கிழமை நான் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் சாயங்காலம் நாலு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் இல்லை, கை திறக்கவில்லை, மலை பார்க்கவில்லை. மலை எங்கே ஓடிப் போகப்போகிறது, கூட்டம் குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

“எக்கா! எம் பொண்ணக் காணோம்க்கா! தண்ணி பாட்டில் வாங்கினு வர்றதுக்குள்ள காணோம்க்கா!”

அவள் பெயர் செல்வி. நகரியிலிருந்து வந்தவர்கள், புருஷனுக்கு விசைத்தறி வேலை. அவன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தான். “எங் கையதான் புட்ச்சினு இருந்தாம்மா. பைய எடுக்கக் கைய விட்டேன், அதுக்குள்ள ஆள் இல்ல. நீங்க மைக்ல சொல்லுங்க, நான் ரோட்டுப் பக்கம் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு நிற்காமல் வெளியே ஓடினான். அவன் தலை மழுமழுவென்று மொட்டை. காய்ந்த சந்தனம் காது வரைக்கும் வழிந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

“பேரு?”

“ஹரிணிக்கா. ஆறு வயசு.”

“எப்படி இருப்பா?”

செல்வி கைபேசியை நீட்டினாள். அதில் ஒரு குழந்தை முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. “ரெட்ட ஜடைக்கா, செவப்பு ரிப்பன். நீல டீ ஷர்ட்டு, கருப்பு பேண்டு.”

மைக்கைப் பிடித்தேன். இரட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், நீல டீ ஷர்ட், ஆறு வயதுப் பெண் குழந்தை ஹரிணி. தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன், எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னேன்.

எங்கள் பஸ் நிலையத்தில் ஒரு குழந்தை தொலைந்தால் பயம் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஏதோ ஒரு ஊருக்குக் கிளம்பிப் போகும். சித்தூர், காளஹஸ்தி, வேலூர், சென்னை, பெங்களூர். குழந்தை அதில் ஏறிவிட்டால் எங்கே போய்த் தேடுவது? நேரம் ஆக ஆகத் தேட வேண்டிய ஊர்கள் கூடிக்கொண்டே போகும். “வண்டிகள நிறுத்துங்க சார்” என்று கண்ட்ரோலரிடம் கத்தினேன். “உள்ள எடமில்லாம ரோடு வரைக்கும் வண்டி நிக்குதும்மா! எத்தன வண்டிய நிறுத்தறது?” என்று அவரும் கத்தினார்.

இரண்டு பேர் வந்து, ஜடை போட்ட பெண் ஒன்று அங்கே நிற்கிறது என்றார்கள். இரண்டு தரமும் செல்வி ஓடினாள், இரண்டு தரமும் வேறு யாருடைய குழந்தையோ. இரண்டாம் தரம் திரும்பி வந்தவள் கவுண்டர் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஐந்தாம் முறை அதையே சொன்னேன். என் குரல் கிழிந்து எனக்கே யாரோ சொல்வது போல் கேட்டது. ஒரு பெரியவர் ஜன்னலில் வந்து வேலூர் பஸ் எப்போது என்றார். “ஒரு கொழந்தைய காணோம்னு கத்திக்கினு இருக்கறேன், ஒமக்கு வேலூரா?” என்று பாய்ந்தேன். சித்தூரில் முதல் நாள் செய்த அதே தப்பு. மைக் ஆன் ஆகித்தான் இருந்தது.

அப்போது என் மணிக்கட்டில் சில்லென்று ஒரு ஈரக் கை விழுந்தது. முனிலட்சுமி உள்ளே வந்திருந்தாள். மைக் பொத்தானை அவளே அணைத்தாள்.

“லெய்யக்கா. கொண்ட சூடு” என்றாள். எழுந்திரு அக்கா, மலையைப் பார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. “புத்தி கெட்டவளே! கொழந்த காணோம், இப்ப மலையப் பாக்கச் சொல்றியா?”

“ஒக்க நிமிஷம்” என்று என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியேவிட்டாள்.

நின்றேன். கால் மரத்துப் போயிருந்தது. மூச்சை விட்டேன், அது விட்டு விட்டுப் போனது. இன்னொரு மூச்சு. பாறைச்சுவர் முழுக்க சாயங்கால வெயில் அடித்துச் செக்கச் சிவந்து நின்றது. ஆறு மணி நேரமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நாலைந்து மூச்சு போயிருக்கும். கண் மலையிலிருந்து தானாகக் கீழே இறங்கி, கூரைக்குக் கீழே பிளாட்பாரத்துக்கு வந்தது.

உட்கார்ந்திருந்தால் முகம் தெரியும் என்றேன் இல்லையா? நின்றால் தலை தெரியும். பிளாட்பாரம் பூராவும் மொட்டைத் தலைகள். ஆண், பெண், கிழவர், குழந்தை, சந்தனம் பூசின தலை, சந்தனம் காய்ந்த தலை. அத்தனை பேரும் தலைமுடியை மேலே கொடுத்துவிட்டு வந்தவர்கள். எத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணில் படாமலே போன தலைகள். அவற்றுக்கு நடுவில் செல்வியின் புருஷனுடைய மொட்டை, அது ஓடின ஓட்டம், மனதில் வந்து நின்றது.

ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். “செல்வி, ஹரிணிக்கும் மொட்ட போட்டீங்களா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“காலைலதான்க்கா… அவ நைனாவுக்கும் அவளுக்கும் போட்டாங்க, நான் மூணு கத்திரி முடி மட்டும் வெட்டிக் குடுத்தேன்… ஐயோ! நான் ஜடைன்னு சொன்னேனே! ஐயோ, நான் ரெட்ட ஜடைன்னு சொல்லிட்டேனேக்கா!” தலையில் அடித்துக்கொண்டாள். “டெய்லி நான்தான பின்னி வுடறேன். என் கண்ணுக்கு ஜடைதான்க்கா தெரியுது!”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவளாவது பெற்றவள். எனக்கு என்ன வந்தது? மொட்டை ஊரில் உட்கார்ந்துகொண்டு மூன்று பாஷையில் ஐந்து முறை இல்லாத ஜடையைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

மைக்கைப் போட்டேன். இந்த முறை குரல் இறங்கி, மெதுவாக வந்தது. “தயவுசெய்து எல்லாரும் ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். தொலைந்த குழந்தைக்கு ஜடை இல்லை. மொட்டை போட்டிருக்கிறது. நீல டீ ஷர்ட். அவரவர் பக்கத்தில் இருக்கிற மொட்டைக் குழந்தையைத் தொட்டு, நம் குழந்தைதானா என்று ஒரு முறை பாருங்கள்.” தெலுங்கிலும் அதையே சொன்னேன்.

அதன்பிறகு நடந்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். அந்த பஸ் நிலையம் அமைதியாகி நான் கண்டதே இல்லை, அன்றைக்குக் கண்டேன். ஒரே நேரத்தில் அத்தனை பேரும் குனிந்தார்கள். அத்தனை கையும் சின்னச் சின்ன மொட்டைத் தலைகள் மேல் போய் உட்கார்ந்தன. முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சொந்தக் குழந்தை என்று தெரிந்த பிறகும் யாரும் கையை எடுக்கவில்லை. நின்றபடி அதைப் பார்த்த எனக்குக் கை கூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்றுதான் தெரியவில்லை.

ஆனால் ஹரிணி அங்கே இல்லை.

கண்ட்ரோலர் ஓடி வந்தார். அவர் முகமும் மாறியிருந்தது. “நாலு மணிக்கு மேல கெளம்புன வண்டிங்க ஏழு. நம்பர் சொல்றேன், நீ கண்டக்டருங்களுக்குப் போன் போடும்மா.” ஆளுக்குப் பாதி போட்டோம். காளஹஸ்தி வண்டியில் இல்லை, வேலூர் வண்டியில் இல்லை. நான்காவதாக எடுத்தது சித்தூர் வண்டி, சந்திரகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“மொட்டைப் பசங்களா? ஒரே குடும்பத்துல அஞ்சு கீதுக்கா” என்றார் கண்டக்டர். அவர் நடந்து போவது போனில் கேட்டது. “அண்ணா, பசங்க எல்லாம் ஒங்களுதா?”

“எங்களுதுதான் சார். அண்ணன் பசங்க ரெண்டு, எம் பசங்க ரெண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…” அந்த ஆளின் குரல் நின்றது. “அஞ்சு? அட கடவுளே! இது யாரு பெத்த புள்ள?”

குழந்தையும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறது. அப்பா கை விட்டுப் போனதும் பக்கத்தில் தெரிந்த சந்தன மொட்டையை அப்பா என்று நினைத்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அவர் தன் பிள்ளைகளில் ஒன்று என்று நினைத்துக் கூட்டத்தில் சேர்த்து ஏற்றிவிட்டார். காலையிலிருந்து கியூவில் நின்று களைத்த குழந்தை, ஏறினதும் ஜன்னலோரம் தூங்கிவிட்டது. எழுந்து பார்த்தால் எல்லாம் வேற்று முகம். பயத்தில் வாயே திறக்கவில்லை.

“பாப்பா, ஒம் பேரு என்னாம்மா?” என்று கண்டக்டர் கேட்டார். கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல்தான் கேட்டது. பிறகு காற்றுப் போன மாதிரி ஒரு சின்னக் குரல், “ஹரிணி” என்றது.

அந்த மனிதர் தன் குடும்பத்தை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டு, குழந்தையோடு இறங்கி எதிர் பஸ் ஏறினார். அவர்கள் வரும் வரைக்கும் முக்கால் மணி நேரம். கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகும் செல்விக்கு உடம்பு உதறல் நிற்கவில்லை. முனிலட்சுமி அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போய் மணிக்கட்டிலும் காலிலும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். ரோட்டிலிருந்து திரும்பி வந்த புருஷன் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தான். அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்த கோவிந்தசாமி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் மூடின விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து தொடைமேல் வைத்தார். “சும்மா வெச்சிக்கினு இரு தம்பி. கை அடங்கட்டும்” என்றார்.

பஸ் வந்தது. செல்வி கதவருகே ஓடினாள். முதலில் ஒரு கிழவி இறங்கினாள், பிறகு ஒரு காலேஜ் பெண், பிறகு மொட்டைத் தலையோடு ஒரு மனிதர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீல டீ ஷர்ட்டில் ஒரு மொட்டைக் குழந்தை. செல்வி அந்தக் குழந்தையை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதன் தலைக்கு மேலே, பின்னால் இறங்குகிறவர்களைப் பார்த்தாள். இவ்வளவும் நடந்த பிறகும் அவள் கண் ஒரு கணம் ஜடையைத்தான் தேடியது.

“அம்மா” என்றது குழந்தை.

பிறகு அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை.

6. நகரி பஸ்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு நிமிடம் நிற்க நேரமில்லை என்று நாம் நினைக்கிற வேளையில்தான் நாம் தப்பானதைத் தேடிக்கொண்டிருப்போம். அன்றைக்கு நான் ஐந்து முறை தப்பாகச் சொன்ன நேரத்தில் பத்து முறை எழுந்து நின்றிருக்கலாம். தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், கையைத் திறந்து வையுங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், தூரத்தில் இருக்கிற எதையாவது பாருங்கள். எது உங்களுக்கு ஒத்து வருகிறதோ அது. ஆனால் மைக்கை முதலில் அணைத்துவிடுங்கள். மாத்திரையையும் விட்டுவிட வேண்டாம், டாக்டர் என்னைத் திட்டுவார்.

ஊருக்குக் கிளம்பும் முன் செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குள்ளேயே வந்தாள். “எக்கா, மொட்டன்னு ஒனக்கு எப்டிக்கா தோணிச்சு? நானே மறந்துட்டேன்.”

அவளை என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஜன்னலைக் காட்டினேன். வெயில் இறங்கி மலை கருஞ்சிவப்பாகியிருந்தது. கீழே பிளாட்பாரத்தில் தலைகள் அசைந்துகொண்டிருந்தன. அவளுக்குச் சொல்லாமலே புரிந்தது. குழந்தையின் மொட்டையில் கையை வைத்தாள், தடவினாள், மலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தையும் பார்த்தது. முனிலட்சுமி வாசற்படியில் விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள்.

நகரி பஸ் கிளம்ப வேண்டிய நேரம். நான் அறிவிப்பு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மைக் அணைந்தே இருந்தது. அந்த பஸ் அன்றைக்கு ஒரு நிமிடம் தாமதமாகத்தான் போனது. கண்ட்ரோலர் சார் கேட்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவரும் தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.